பள்ளத்தாக்கில் இறங்கும் முன் மலையைப் பாருங்கள்: கோலகுபு பாரு வட்டாரத்தில் நடப்போருக்கான வழிகாட்டி

சிலாங்கூரின் வடகிழக்கே, தித்திவங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில், செம்பனைத் தோட்டங்களும் பழைய பால்மரக் காடுகளும் சூழ அமைந்திருக்கும் ஆற்றோர ஊர் கோலகுபு பாரு. பிரேசர் மலைக்குப் போகும் வழியில் தேநீர் குடிக்க வண்டியை நிறுத்தும் இடமாகவே பலர் இவ்வூரை அறிந்திருக்கிறார்கள். ஆனால் ஊருக்கு மேலே, சிலாங்கூர் ஆறும் அதில் வந்து சேரும் லுயிட், பெர்த்தாக், சிலிங் முதலிய சிற்றாறுகளும் கருங்கல் மலையை அறுத்து உண்டாக்கிய ஒடுங்கிய பள்ளத்தாக்குகள் வண்டியில் இருந்தபடி பார்த்து முடிக்கக்கூடியவை அல்ல; அவற்றை நடந்துதான் அறிய முடியும். மலையேற்றத்தில் தனிப்பயிற்சி இல்லாவிட்டாலும் அரை நாள் தொடர்ந்து நடக்கக்கூடிய உடல்நலம் உள்ளவர்களை மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

உச்சிக்கு ஏறுபவர் தம் தலைக்கு மேலுள்ள மேகத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம். பள்ளத்தாக்கில் நடப்பவருக்கு அந்த வசதி கிடையாது. அவருடைய காலடியில் ஓடும் நீர் எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது, மரங்களும் மலைமுகடும் மறைத்திருக்கும், பல கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஏதோ ஒரு சரிவில் பெய்யும் மழை. கீழே வெயில் அடிக்கும்போதே மேலிருந்து வெள்ளம் வந்துவிடும். அதனால் இங்கே நடக்க விரும்புகிறவர் முதலில் பழக வேண்டியவை இரண்டு: கடிகாரத்தைப் பார்ப்பது, நீரைப் பார்ப்பது. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகே.

ஆற்றின் குணம்

இந்த ஆற்றின் குணத்தை அறிந்துகொள்ள ஊரின் வரலாற்றைப் படித்தாலே போதும். பழைய கோலகுபு, இன்று அம்பாங் பெச்சா என்று அழைக்கப்படும் பகுதியில் இருந்தது. 1883ஆம் ஆண்டு அக்டோபரில், ஊருக்கு மேலே இருந்த பழைய அணை கனமழையில் உடைந்ததால் பெருகி வந்த வெள்ளம் ஊரை அடித்துச் சென்றது. அங்குப் பொறுப்பில் இருந்த ஆங்கிலேய அதிகாரி செசில் ரேங்கிங்கும் அதில் உயிரிழந்தார். ஊர் மறுபடியும் அதே இடத்தில் எழுந்தது. ஆனால் ஈயச் சுரங்கங்களிலிருந்து அடித்து வரப்பட்ட மணல் ஆற்றுப் படுகையை மேலும் மேலும் உயர்த்தியதால் வெள்ளமும் திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில், நகர அமைப்பாளர் சார்லஸ் ரீட் வகுத்த திட்டத்தின்படி மேட்டு நிலத்தில் புதிய ஊர் அமைக்கப்பட்டு, 1930 வாக்கில் குடியிருப்பு அங்கே மாற்றப்பட்டது. ஒரு முழு ஊரே இந்த ஆற்றுக்கு வழிவிட்டு நகர்ந்திருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், மழை மேகத்தைக் கண்டதும் திரும்பி நடப்பதில் யாருக்கும் வெட்கம் இருக்காது.

மேலே உள்ள மலை, ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியில் உறைந்த கருங்கல்லால் ஆனது. அந்தக் கல்லில் இயற்கையாக அமைந்த வெடிப்புகளின் வழியே நீர் இறங்கி அறுத்ததால், மேற்பகுதிப் பள்ளத்தாக்குகள் இரு பக்கமும் செங்குத்தாகவும் அடிப்பகுதி மிகக் குறுகலாகவும் இருக்கின்றன. கல்லின் மேற்புறம் மழையிலும் வெப்பத்திலும் சிதைந்து ஆழமான செம்மண்ணாக மாறியிருப்பதால், நீர் ஊறினால் சரிவுகள் சரியக்கூடியவை. எனவே ஒரு பள்ளத்தாக்கில் மேலே செல்லச் செல்ல மூன்று மாற்றங்களைக் காணலாம்: கூழாங்கல் பரந்த அகன்ற படுகை முதலில், யானை அளவிலான உருண்டைப் பாறைகள் அடுத்து, இரு பக்கமும் சுவர் எழும்பிய இடுக்கு கடைசியில். முதலாவது இடத்தில் வெள்ளம் வந்தால் பக்கவாட்டில் ஓடி ஏறலாம். கடைசியில் ஏற இடமே இருக்காது.

புறப்படும் முன் வரைபடத்தில் இதைப் பார்த்துவிட முடியும். ஆற்றின் இரு பக்கமும் உயரக்கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) நெருங்கி ஒட்டியிருக்கும் பகுதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றுக்குள் உணவு உண்ணவோ, படம் எடுக்கவோ, குளிக்கவோ நிற்கக் கூடாது, கடந்துவிட மட்டுமே வேண்டும். அதோடு, நீங்கள் நடக்கும் இடத்துக்கு மேலே எத்தனை ஓடைகள் வந்து சேர்கின்றன என்பதையும் எண்ணுங்கள். விசிறி போலப் பல ஓடைகள் ஒரே இடத்தில் கூடும் பள்ளத்தாக்கில் நீர் ஏறும் வேகம் அதிகம். ஊருக்கு மேலே சிலாங்கூர் ஆற்றின் குறுக்கே இன்று உள்ள அணையைத் தாண்டிப் போனால் கைப்பேசித் தொடர்பை நம்ப முடியாது என்பதால், வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கம் செய்துகொள்ள வேண்டும்.

மாதமும் மணியும்

தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையில் பருவமாற்ற காலங்களான ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை கடுமையாக இருக்கும். ஜனவரி இறுதி முதல் பிப்ரவரி வரையிலும், ஜூன், ஜூலை மாதங்களிலும் மழை ஒப்பளவில் குறைவு. நம் குடும்பங்களின் நாட்காட்டியோடு இதைப் பொருத்திப் பார்த்தால் ஒரு சங்கடம் தெரியும்: ஊருக்குத் திரும்பிய உறவினர்கள் எல்லாரும் சேர்ந்து “ஆற்றுக்குப் போவோமா?” என்று கேட்கும் தீபாவளி விடுமுறை, ஆண்டின் மோசமான மழைக்காலத்தில் வருகிறது. தைப்பூசம் முடிந்த வாரங்களே இதற்கு ஏற்றவை. தண்ணீர்மலைக்கோ பத்துமலைக்கோ நடந்து பழகிய கால்களும் அப்போது தயாராக இருக்கும்.

மழை குறைந்த மாதமானாலும், மலைச்சரிவில் நண்பகலுக்குப் பின் மேகம் திரள்வது இங்கே அன்றாட நிகழ்வு. காலை வெயிலில் சூடேறிய ஈரக்காற்று சரிவை ஒட்டி மேலெழுந்து, பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு மழையாகக் கொட்டுகிறது. ஆகவே காலை ஏழு மணி சுமாருக்கு நடக்கத் தொடங்குங்கள். பகல் 12 மணிக்கு எந்த இடத்தில் இருந்தாலும் திரும்புங்கள். இரண்டு மணிக்குள் கடைசி ஆற்றைக் கடந்து கரையேறிவிடுங்கள். அருவி இன்னும் பத்து நிமிடத்தில் வந்துவிடும் என்று எதிரே வருபவர் சொன்னாலும் இந்தக் கணக்கை மாற்றக் கூடாது. அந்தப் பத்து நிமிடம் பெரும்பாலும் அரை மணி நேரமாகிவிடும் என்பது வேறு விஷயம். சூரியன் ஏழு மணிக்கும் ஏழரை மணிக்கும் இடையே மறைந்தாலும், இடுக்கான பள்ளத்தாக்கில் ஆறு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும்.

முந்தைய நாள் இரவும் புறப்படும் காலையிலும் வானிலை ஆய்வுத் துறையின் ‘மைச்சுவாச்சா’ செயலியில் உலுசிலாங்கூர் மாவட்டத்துக்கான எச்சரிக்கையைப் பாருங்கள். வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் ‘பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர்’ தளத்தில் ஆற்று மட்டமும் மழையளவும் நிலையம் வாரியாக வெளியிடப்படுகின்றன. இரவு முழுதும் மலையில் மழை பெய்திருந்தால், காலையில் வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஆற்றுப் பாதையை விட்டுவிட்டுத் தோட்டத்து ஓரமாக நடப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சரிவு ஊறிப்போயிருக்கும், அடுத்த சிறு மழையும் அப்படியே ஓடி ஆற்றுக்குள் வந்துவிடும்.

அனுமதி

நிரந்தர வனக்காப்புப் பகுதிக்குள் நடப்பதற்கு 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின்படி வனத்துறையின் நுழைவு அனுமதி வேண்டும். எந்தப் பாதைக்கு அனுமதி தேவை, எதற்குப் பதிவு பெற்ற மலை வழிகாட்டி கட்டாயம், எது இப்போது மூடப்பட்டிருக்கிறது என்பவை அடிக்கடி மாறும். 2022 டிசம்பர் 16ஆம் தேதி அதிகாலை பத்தாங் காலி அருகே கூடார முகாமின் மீது மண்சரிவு விழுந்து 31 பேர் மாண்டதற்குப் பிறகு, ஆற்றோர, மலையோர இடங்கள் மூடப்படுவதும் கட்டுப்பாடுகள் இறுகுவதும் இயல்பாகிவிட்டன. எனவே பழைய காணொளியையோ நண்பரின் நினைவையோ நம்பிப் புறப்படாமல், அந்த வாரத்திலேயே மாவட்ட வன அலுவலகத்தைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். மூடிய பாதையில் ஓரமாக நுழைந்துபோவது தண்டனைக்குரியது மட்டுமல்லாமல், உள்ளே ஏதேனும் நேர்ந்தால் நீங்கள் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாமல் போகவும் காரணமாகும்.

தோட்ட நிலம் தனியார் நிலம். வாசலில் காவலாளி இருந்தால் சொல்லிவிட்டு, பெயரும் வண்டி எண்ணும் எழுதிவிட்டுச் செல்ல வேண்டும். பெர்த்தாக் கிராமம் தெமுவான் பூர்வக்குடி மக்களின் ஊர். அணை கட்டப்பட்டபோது பழைய இடத்திலிருந்து அகற்றப்பட்டு மறுகுடியமர்த்தப்பட்டவர்கள் அவர்கள். வண்டி நிறுத்தவும் உள்ளே நடக்கவும் அவர்களிடம் கேட்பது மரியாதை. ஊர்த்தலைவரான தோக் பாத்தினைப் பார்த்துப் பேச முடிந்தால் இன்னும் நல்லது. அவ்வூர் இளைஞர் ஒருவரைக் கூலி பேசி அழைத்துச் செல்வதையே நான் பரிந்துரைப்பேன். எந்தப் பாறைக்குப் பின்னால் நீர் சுழிக்கிறது, எந்தக் கரை சென்ற மாதம் இடிந்தது என்பதை எந்தச் செயலியும் சொல்லாது.

எங்கே தொடங்குவது

முதல் முறை வருபவர்கள் தோட்ட எல்லையிலிருந்து தொடங்குவது நல்லது. செம்பனைக் காட்டின் மண்சாலை முடிந்து பெருங்காடு ஆரம்பிக்கும் இடத்தில், மலையிலிருந்து இறங்கும் ஓடை ஒன்று பெரும்பாலும் இருக்கும். முனீஸ்வரர் கோயிலோ சூலம் நட்ட மரத்தடியோ அதன் கரையில் இருக்கவும் வாய்ப்புண்டு. அந்த ஓடையை ஒட்டி ஒரு மணி நேரம் மேலே போய்த் திரும்பினாலே, கல்லில் கால் வைக்கும் முறையும் நீரின் இழுவையும் பழகிவிடும்.

தோட்டத்தில் நடக்கும்போது கவனிக்க வேண்டியவை காட்டில் கவனிக்க வேண்டியவற்றிலிருந்து வேறுபட்டவை. குலை வெட்டும் நாளில் மரத்தடியில் நிற்காதீர்கள். இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள குலை, வெட்டுபவர் கூப்பிட்டுச் சொல்வதற்குள் விழுந்துவிடும். வெட்டிய மட்டைகளை வரிசைக்கு வரிசை அடுக்கி வைத்திருக்கும் குவியல்களைத் தாண்டிக் குதிக்காதீர்கள். மட்டையின் அடிப்பகுதி முள் சப்பாத்தைத் துளைக்கும், எலி தேடி வரும் பாம்பு அடியில் சுருண்டிருக்கும். சுற்றிப் போவதால் இரண்டு நிமிடம்தான் கூடும். தோட்டத்துக்குள் ஓடி வரும் ஓடைநீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தாலும் குடிக்கக் கூடாது. மேலே மருந்தடித்ததும் உரம் போட்டதும் நிறத்தில் தெரியாது. டுரியான் காலத்தில் பழத்தோப்பு ஓரமாகப் போனால் கீழே கிடக்கும் பழத்தைத் தொடாதீர்கள். யாருமில்லாததுபோல் தெரியும் குடிசையில் ஆள் இருப்பார்.

ஓடை நடை பழகியபின், பெர்த்தாக் கிராமத்திலிருந்து லாத்தா மெடாங் அருவி வரை செல்லும் காட்டுப்பாதையைத் தேர்ந்தெடுக்கலாம். அதே கிராமத்திலிருந்து தொடங்கும் புக்கிட் குத்து, ஏறத்தாழ 1,050 மீட்டர் உயரமுள்ளது. உச்சியில் ஆங்கிலேயர் காலத்து ஓய்வில்லத்தின் செங்கல் புகைபோக்கி இன்னும் நிற்கிறது. ஆனால் அது கடுமையான ஏற்றம், வழியில் ஆறும் குறுக்கிடும். காலையில் எளிதாகக் கடந்த அந்த ஆறு மாலையில் திரும்பும்போது பெருகியிருந்தால், மலையிறங்கிக் களைத்த கால்களோடு கரையில் காத்திருக்க வேண்டியதுதான். பள்ளத்தாக்கை மட்டும் பார்க்க விரும்புகிறவருக்கு உச்சி தேவையே இல்லை என்பது என் கருத்து.

கெலா மீன்களுக்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்ட சிலிங் ஆற்றுப் பாதை, ராவுப் சாலையான 55ஆம் எண் கூட்டரசு நெடுஞ்சாலையிலிருந்து தொடங்குகிறது. அருவியை அடையும் முன் ஆற்றைப் பலமுறை குறுக்கே கடக்க வேண்டியிருக்கும். அழகில் இவ்வட்டாரத்திலேயே சிறந்தது. ஆனால் ஆற்றை இத்தனை முறை கடக்க வேண்டியிருப்பதால் திடீர் வெள்ளத்தில் சிக்கும் வாய்ப்பும் அதிகம். இந்தப் பாதை பாதுகாப்புக் காரணங்களுக்காக மூடப்படுவதும் மீண்டும் திறக்கப்படுவதும் வழக்கம். திறந்திருந்தாலும், ஆற்றில் இறங்கி நடந்து பழகாதவர்களை, குறிப்பாகச் சிறு பிள்ளைகளை, முதல் பயணத்திலேயே இங்கே அழைத்து வராதீர்கள். மீன் பிடிக்கவும் கூடாது. கணுக்கால் அளவு நீரில் நின்றாலே மீன்கள் வந்து காலைச் சுற்றும், அதைப் பார்ப்பதே போதுமான இன்பம்.

கோலகுபு பாரு வரை கொமுட்டர் ரயில் உண்டு. ஆனால் நிலையம் ஊருக்கு வெளியே உள்ளது, மலைப்பாதைக்கு வண்டி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

சப்பாத்தும் பையும்

விலையுயர்ந்த மலையேற்றக் காலணி வாங்கத் தேவையில்லை. பால்வெட்டுக்குப் போனவர்கள் காலங்காலமாக அணிந்த, கம்போங் அடிடாஸ் என்று கடைக்காரரே அழைக்கும், ஒரே அச்சில் வார்த்த கறுப்பு ரப்பர்ச் சப்பாத்து இந்த நிலத்துக்கு நன்கு பொருந்தும். உள்ளே துணி இல்லாததால் நீரை உறிஞ்சிக் கனக்காது. அடியில் குமிழ் குமிழாக இருக்கும் பற்கள் செம்மண் சரிவைக் கவ்விப் பிடிக்கும். தடித்த நீளக் காலுறையோடு போட்டுப் பார்த்து, வழக்கத்தைவிட ஓர் அளவு பெரியதாக வாங்குங்கள். வெறுங்காலோடு அணிந்தால் குதிகாலைக் கடித்துவிடும். கணுக்காலுக்கு அது பாதுகாப்புத் தராது. பாசி படிந்த கருங்கல்லில் அதுவும் வழுக்கும், வேறு எந்தச் சப்பாத்தும் வழுக்கும். அங்கே செய்யக்கூடியது பாசியில்லாத கல்லாகப் பார்த்து மிதிப்பது ஒன்றே. ஜப்பான் செருப்போடு ஆற்றில் இறங்குபவரை ஒவ்வொரு விடுமுறையிலும் காணலாம். செருப்பு போன திசையில் அவரும் பாய்வதுதான் ஆபத்தாக முடிகிறது.

முழங்கால் மறைக்கும், விரைவில் உலரும் காற்சட்டை, நீளக் கைச்சட்டை, தலைவிளக்கு, விசில், ஆளுக்கு இரண்டு லிட்டர் நீர், உப்புச்சத்துள்ள தின்பண்டம், நீர் புகாத பையில் கைப்பேசி, கட்டுத்துணி ஆகியவை போதும். ஜீன்ஸ் வேண்டாம். பாராங் கத்தியை வழிகாட்டியிடம் விட்டுவிடுங்கள்.

ஆற்றைக் கடக்கும் முறை

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நம் பழமொழி. ஓடும் ஆற்றில் ஆழத்தோடு வேகத்தையும் பார்க்க வேண்டும். நீரின் வேகம் இரட்டித்தால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆகவே வேகமாக ஓடும் இடத்தில் முழங்கால் அளவே எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக ஓடும் இடத்தில் தொடை வரை போகலாம். குறுகலான இடம் கிட்டத்தில் இருக்கிறது என்று அங்கே கடக்கத் தோன்றும். அதே நீர் குறுகலான வழியில் போவதால் அங்கே ஆழமும் வேகமும் கூடும். அகன்று, சலசலவென்று கூழாங்கல் தெரியும்படி ஓடும் இடமே கடப்பதற்குரியது.

இறங்கும் முன் கீழ்ப்பக்கம் சிறிது தூரம் நடந்து பாருங்கள். நீங்கள் விழுந்தால் நீர் உங்களை எங்கே கொண்டுபோகும்? அமைதியான மணல்திட்டுக்குப் போனால் இறங்கலாம். குறுக்கே விழுந்த மரத்துக்கோ, இரு பாறைகளின் இடுக்குக்கோ, அருவியின் விளிம்புக்கோ போனால் வேறு இடம் தேடுங்கள். நீர் மரக்கிளைகளின் ஊடே புகுந்து போய்விடும், மனிதர் புக முடியாமல் அதில் அழுத்தப்பட்டுவிடுவார். ஆற்றில் இதைவிடக் கொடிய பொறி இல்லை.

பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, தோள்பட்டையைத் தளர்த்துங்கள். விழுந்தால் பையை உதறிவிட முடிய வேண்டும். உறுதியான கழி ஒன்றை நீர் வரும் திசையில் ஊன்றி, முகத்தையும் அந்தத் திசைக்குத் திருப்பி, நண்டுபோல் பக்கவாட்டில் நகருங்கள். கழி, இரு கால்கள் என்ற மூன்றில் ஒன்று மட்டுமே ஒரு நேரத்தில் அசைய வேண்டும். காலைத் தூக்கி வைக்காமல் தரையைத் தடவியபடி நகர்த்துங்கள். கல்லிடுக்கில் பாதம் மாட்டிக்கொண்டு உடல் சாய்ந்துவிட்டால், இடுப்பளவு நீரிலும் எழ முடியாமல் போகும். குழுவாக இருந்தால் மூன்று நான்கு பேர் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, பலமானவர் மேல்பக்கம் நின்று சேர்ந்து நகரலாம். கயிற்றை உடம்பில் கட்டிக்கொண்டு கடக்கவே கூடாது. விழுந்தவரைக் கயிறு நீருக்குள் இழுத்து வைத்துவிடும்.

அடித்துச் செல்லப்பட்டால் நிற்க முயலாதீர்கள். மல்லாந்து, கால்களைக் கீழ்த்திசைக்கு நீட்டி, பாதங்களை நீர்மட்டத்துக்கு உயர்த்தி, கைகளால் கரைப்பக்கம் துழாவுங்கள். அருவியின் அடியிலுள்ள மடுவில் குளிப்பதையும் நான் பரிந்துரைப்பதில்லை. நுரைத்த நீரில் காற்று கலந்திருப்பதால் அதில் உடல் மிதப்பது குறைவு. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் அங்கே அமிழ்கிறார்கள்.

கெப்பாலா ஆயர்

மலேசியாவில் ஆற்றோரம் நடக்கும் யாரும் அறிந்திருக்க வேண்டியது, மலாயில் ‘கெப்பாலா ஆயர்’ எனப்படும் இந்தத் திடீர் வெள்ளம். மேலே மழையில் சரிந்த மரமும் மண்ணும் ஓடையை அடைத்து, நீர் பின்னால் தேங்கி, அடைப்பு ஒரே நேரத்தில் உடையும்போது, நீரும் கட்டைகளும் பாறைகளும் சேர்ந்த அலையாக அது இறங்குகிறது. 1996 ஆகஸ்ட் 29ஆம் தேதி கம்பார் அருகே போஸ் டீப்பாங் பூர்வக்குடிக் கிராமத்தில் இவ்வாறு இறங்கிய சேற்று வெள்ளத்தில் 44 பேர் இறந்தனர். 2022 ஜூலை 4ஆம் தேதி கெடாவின் இனாஸ் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் பாலிங் வட்டாரக் கிராமங்களில் மரக்கட்டைகளைக் குவித்துவிட்டுப் போனது.

வருவதற்கு முன் ஆறு அடையாளம் காட்டும், ஆனால் அவகாசம் சில நிமிடங்களே. தெளிந்த நீர் தேநீர் நிறத்துக்கோ சேற்று நிறத்துக்கோ மாறுவது முதல் அடையாளம். சருகும் சுள்ளியும் திடீரென்று மிகுதியாக மிதந்து வருவது இரண்டாவது. ஆற்றின் ஓசை கனத்து, லாரி வருவது போன்ற அதிர்வு கேட்பது கடைசி. சில வேளை நீர் திடீரெனக் குறைவதும் உண்டு. மேலே அடைபட்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். இவற்றில் எது தெரிந்தாலும் பையை எடுக்கப் போகாதீர்கள், அக்கரையில் இருக்கும் நண்பரிடம் கடந்து போகாதீர்கள், பள்ளத்தாக்கின் வழியே கீழே ஓடாதீர்கள். இருக்கும் கரையிலேயே, பக்கவாட்டில், மேலே ஏறுங்கள்.

எவ்வளவு உயரம் ஏறுவது என்பதையும் ஆறே சொல்லும். ஆற்றோர மரங்களின் கிளைகளைக் கவனியுங்கள். உலர்ந்த புல்லும் நார்களும் ரொட்டிப் பொட்டலத்தின் பிளாஸ்டிக் உறையும் உங்கள் தலைக்கு மேல் கிளையில் சுற்றியிருக்கும். முந்தைய வெள்ளம் அங்கே வரை வந்திருக்கிறது. இளைப்பாற உட்காரும்போது அந்தக் கோட்டுக்கு மேலே உள்ள இடத்தையே தேர்ந்தெடுங்கள். உட்கார்ந்ததும் நீரின் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள்; அல்லது பாறையில் ஈரமும் உலர்வும் சந்திக்கும் கோட்டைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். குச்சி நீருக்குள் போயிருந்தால், மழைத்துளி ஒன்றும் விழவில்லை என்றாலும், சாப்பாட்டைப் பாதியில் மடித்துக் கட்டிக்கொண்டு புறப்படுங்கள்.

வெள்ளம் பாதையை அறுத்துவிட்டால் மேட்டில் காத்திருப்பதுதான் முறை. இத்தகைய சிறிய ஆறுகள் சில மணி நேரத்தில் வடிந்துவிடுவது வழக்கம். இரவாகிவிட்டால் விடியும் வரை இருங்கள். விசிலை மூன்று முறை ஊதி, இடைவெளி விட்டு, மீண்டும் ஊதுங்கள். தொடர்பு கிடைத்தால் 999ஐ அழைத்து, எந்த ஆறு, எந்தக் கரை, எத்தனை பேர் என்று முதலில் சொல்லுங்கள். பொம்பா (தீயணைப்பு மீட்பு) வீரர்கள் கயிறு கட்டி வருவதற்கு நேரம் பிடிக்கும். நீங்கள் அவர்களை நோக்கி நீரில் இறங்காமல் இருப்பதே அவர்களுக்குச் செய்யும் உதவி.

அணைக்குக் கீழ்ப்பகுதியில் நடப்போருக்கு இன்னொரு காரணத்தாலும் நீர் ஏறலாம். 2013 அக்டோபரில் கேமரன் மலையில் ரிங்லெட் அருகேயுள்ள அணையிலிருந்து நள்ளிரவுக்குப் பின் நீர் திறக்கப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்ச்சேதம் நேர்ந்தது. அணைக்குக் கீழே எச்சரிக்கைப் பலகை இருக்கும் படுகையில் இறங்காதீர்கள், எச்சரிக்கை ஒலி கேட்டால் காரணம் விசாரிக்காமல் கரையேறுங்கள்.

அட்டை, குளவி, பாம்பு

அட்டைக்கு அஞ்ச வேண்டியதில்லை. காற்சட்டையின் அடியைக் காலுறைக்குள் செருகி, காலுறையின் மேல் புகையிலைத் தண்ணீரோ சவர்க்காரமோ தடவினால் பெரும்பாலும் ஏறாது. கடித்துவிட்டால் நகத்தால் அதன் வாய்ப்பகுதியைச் சுரண்டி விடுவியுங்கள். இரத்தம் நிற்கச் சற்று நேரமாகும், அவ்வளவுதான். பிரம்புக் கொடியின் முள் சட்டையைப் பற்றினால் முன்னோக்கி இழுக்காமல் ஓரடி பின்வாங்குங்கள், தானே விடும். குளவிக் கூட்டைக் கண்டால் சத்தமின்றி வந்த வழியே விலகுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப்போட்டு இறுக்குவதும் கீறி உறிஞ்சுவதும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, கூடிய விரைவில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

இரவு தங்குவதாக இருந்தால் ஆற்றங்கரை மணலிலும், மலையை வெட்டிய மண்சுவரின் அடியிலும், சாய்ந்த மரங்கள் நிற்கும் சரிவின் கீழும் கூடாரம் அடிக்கக் கூடாது. இந்த மூன்றையும் தவிர்த்த பிறகு இப்பள்ளத்தாக்குகளில் கூடாரத்துக்கு நல்ல இடம் அரிதாகவே கிடைக்கும் என்பதால், பகலிலேயே வந்து திரும்புவது சிறந்தது.

புறப்படும் முன் வீட்டில் ஒருவரிடம் எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம், எத்தனை மணிக்கு மேல் செய்தி இல்லையென்றால் 999ஐ அழைக்க வேண்டும் என்பதை எழுதிக் கொடுங்கள். சாலைக்கு வந்ததும் முதல் வேலையாக அவரை அழைத்துத் திரும்பிவிட்டதைச் சொல்லுங்கள்.

ஆற்றில் இறங்கியவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும் வாய்ப்பு உண்டு. எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, காலிலுள்ள சிராய்ப்பு வழியாகவும் கண், வாய் வழியாகவும் கிருமி உடலில் சேர்கிறது. திறந்த புண் இருந்தால் அந்த வாரம் ஆற்றைத் தவிருங்கள். ஆற்றுநீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள். வீடு திரும்பியதும் சவர்க்காரம் போட்டுக் குளித்து, கீறல்களைக் கழுவி மருந்திடுங்கள். காய்ச்சல் உடனே வராமல், பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரம் கழித்து, தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு ஆகியவற்றோடு வரும். டெங்கி என்றோ சாதாரணச் சளிக்காய்ச்சல் என்றோ எண்ணிப் பனடோல் போட்டுக்கொண்டு இருந்துவிடாமல் கிளினிக்குக்குப் போங்கள். எந்தத் தேதியில் எந்த ஆற்றில் இறங்கினீர்கள் என்பதை, மருத்துவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.